லாரித் தட்டில் ஏறிய நாடகம்

அவையோருக்கு வணக்கம்.

1965-இல் கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிலிப்பினோக்கள் தொடங்கினார்கள், சில நாளில் சீசர் சாவெஸின் சங்கத்தில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினரும் சேர்ந்துகொண்டார்கள். அங்கே வந்து சேர்ந்தார் 25 வயது லூயிஸ் வால்டெஸ். அதே ஊரில், பண்ணைக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் தொடங்கிய நாடகக் குழுதான் எல் தெயாத்ரோ கம்பெசினோ; ஸ்பானியத்தில் 'பண்ணைத் தொழிலாளர் நாடக அரங்கு' என்று பொருள்.

அரங்கு இல்லை, எழுதி வைத்த வசனமும் இல்லை. கழுத்தில் தொங்கும் அட்டைதான் வேஷம். ஒருவருக்கு 'முதலாளி', ஒருவருக்கு 'கருங்காலி'. நடித்தவர்கள் மறியலில் நின்ற அதே தொழிலாளர்கள்.

ஒரு நாடகத்தைச் சொல்கிறேன். பன்றி முகமூடி போட்ட முதலாளி, "என் கஷ்டம் உனக்கு எங்கே தெரியும்?" என்று கூலியாளிடம் புலம்புகிறார். சரி, கொஞ்ச நேரம் நீ நானாக இரு, நான் நீயாக இருக்கிறேன் என்று முகமூடியைக் கழற்றிக் கொடுக்கிறார். முகமூடி கைமாறியதும் கூலியாள் அதட்டத் தொடங்குகிறார். காவல்காரனுக்கோ முகம் அடையாளம் தெரியவில்லை. சொந்த முதலாளியையே இழுத்துக்கொண்டு போகிறான். அவரோ, "சாவெஸ் எங்கே? சங்கத்தைக் கூப்பிடுங்கள்!" என்று அலறுகிறார். பகலெல்லாம் அதட்டு வாங்கிய கூட்டம் இதற்கு எப்படிச் சிரித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1966-இல் வேலைநிறுத்தக்காரர்கள் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குச் சுமார் 300 மைல் நடைப்பயணம் போனார்கள். மாலையில் ஊர்வலம் தங்கிய இடங்களில் லாரித் தட்டே மேடை ஆனது.

மேடையில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து வரும். மொழித் தூய்மை பேசுகிறவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. பார்க்க வந்தவர்கள் வீட்டிலும் அப்படித்தானே பேசினார்கள்?

1967-இல் குழு சங்கத்திலிருந்து பிரிந்தது. அப்புறம் வால்டெஸின் ஒரு நாடகம் லாஸ் ஏஞ்சலஸில் கூட்டம் கூட்டமாக ஆட்களை இழுத்தது. 1979-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போன அதே நாடகத்தைச் சில வாரங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நியூயார்க் விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்கு அது தங்கள் ஊரில் நடந்த கதை. நியூயார்க்கில் அது வேற்றூர்ச் செய்தி. ஆளை அறிந்து ஆடும் குழுவுக்கு அந்த ஆள் எதிரே இல்லாவிட்டால் சிரமம்தான்.

1971 முதல் குழுவின் இருப்பிடம் சான் ஹுவான் பௌதிஸ்தா என்ற சிற்றூர். டிசம்பரில் அங்குள்ள பழைய மிஷன் தேவாலயத்துக்குள்ளேயே நாடகம் போடும் வழக்கம் உண்டு. ஓர் ஆண்டு மெக்சிகோவில் குவாடலூப் அன்னையாக மரியாள் காட்சி தந்த கதை, மறு ஆண்டு குழந்தை யேசுவைத் தேடிப்போகும் இடையர்களின் கதை. ஊர்க்காரர்களும் வேஷம் கட்டுவார்கள். போகிறவர்கள் இடையர் கதை வரும் ஆண்டாகப் பார்த்துப் போங்கள்; சாத்தான் வருவது அதில்தான்.