முகத்தில் கத்தி வைக்கும் முன்பு

வணக்கம் நேயர்களே. முகத் தோற்றத்தைச் சீராக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "தழும்பு தெரியுமா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த அன்று ராத்திரி என்ன ஆகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

கண் இமையில் தொங்கும் சதையை நீக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன அறுவைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். மிக அரிதாகச் சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கும். சுற்றிலும் எலும்பு, ரத்தம் பரவ இடமில்லை. அழுத்தம் ஏறி, கண் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடும். ஓரிரு மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகவே போகலாம். கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல், இவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சுருக்கம் நீக்கத் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்டிலும் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கடியில் ரத்தம் கசிந்து தேங்கும் ரத்தக்கட்டுதான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாங்களாக நிறுத்தவும் கூடாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: பிரித்தெடுத்த தோலுக்கு ரத்தம் போதாமல், காதின் பின்புறம் தோல் கருகிப்போகலாம். குறைந்தது 4 வாரம் முன்பே விட்டுவிடச் சொல்கிறோம்.

அப்புறம், காது மடலில் மரத்துப்போன உணர்வு, வாய் ஒரு பக்கம் கோணுவது. இவை பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. வெட்டுக்காயம் தடித்து வளரும் உடம்பு என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற பட்டம் பெற்றவரா, இமை என்றால் அதில் தனிப் பயிற்சி உள்ள கண் மருத்துவரா என்று கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு யார் போனை எடுப்பார்கள், உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப்போக ஆள் இருக்குமா என்றும் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால், அங்கே முன்பணம் கட்டாதீர்கள்.

அன்றிரவு வீட்டில் யாராவது ஒருவர் உங்களோடு இருக்கட்டும். இமையில் அறுவை என்றால், அவ்வப்போது உங்களை எழுப்பி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, எதிரே காட்டும் விரல்கள் தெரிகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.