குட்டை நீருக்குள் ஆக்சிஜன் இறங்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் குட்டை வைத்திருப்பவர்களுக்கு விடியற்காலை என்றால் ஒரு பயம் உண்டு. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவற்றின் தலைக்கு மேலே, ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 270 கிராம் ஆக்சிஜன். அப்புறம் ஏன் மூச்சு முட்டுகிறது?

நீர்ப்பரப்பை ஒட்டி மெல்லிய படலம் ஒன்று அசையாமல் நிற்பதாகவும், வாயு அதன் வழியே மெல்ல விரவித்தான் உள்ளே போவதாகவும் வைத்துக் கணக்கிடலாம் என்று 1920-களில் லூயிஸ், விட்மன் என்ற இருவர் காட்டினார்கள். காற்றுப் பக்கமும் ஒரு படலம் உண்டு. ஆனால் ஆக்சிஜன் நீரில் எளிதில் கரையாத வாயு; ஆகவே தடையெல்லாம் நீர்ப் பக்கம்தான். அம்மோனியாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது நீரில் தாராளமாகக் கரைவதால் காற்றுப் படலத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இப்போது பேனாவை எடுங்கள். நீரில் ஆக்சிஜன் எவ்வளவு விரைவாக விரவும் என்பதைச் சொல்லும் எண், அதாவது விரவல் கெழு, வினாடிக்குச் சுமார் 100 கோடியில் 2 பங்கு சதுர மீட்டர். படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கெழுவைத் தடிமனால் வகுத்தால், மணிக்கு 7.2 சென்டிமீட்டர் வேகம் வருகிறது. 30 டிகிரி நன்னீர், காற்றிலிருந்து லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் வரை ஆக்சிஜனை ஏற்கும். குட்டையில் இருப்பது 3.6 என்றால், குறை 4. வேகத்தை இதனால் பெருக்கினால், ஒரு ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 2.9 கிலோ ஆக்சிஜன் இறங்கும். ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் அது லிட்டருக்கு 0.29 மில்லிகிராம்தான். காற்றே வீசாத இரவில் படலம் ஐந்து மடங்கு தடித்தால் 0.06 ஆகிவிடும். மீனும் பாசியும் அடிச்சேறும் இரவெல்லாம் இழுக்கும் மூச்சுக்கு இது எங்கே போதும்?

ஏரேட்டர் என்ற காற்றூட்டும் கருவி நீரை வாரி இறைக்கும்போது படலம் மெலிகிறது, துளித்துளியாகப் பரப்பும் பெருகுகிறது. ஆனால் நல்ல வெயிலில் பாசி தயாரிக்கும் ஆக்சிஜன் 7.6-ஐத் தாண்டி 10-க்குக்கூட ஏறும். அப்போது குறை எதிர்மறையாகிவிடும். ஏரேட்டர் ஆக்சிஜனை வெளியே துரத்தும். அடிநீரைக் கலக்கச் சிறிது நேரம் ஓட்டலாம், தப்பில்லை. மற்றபடி மின்சாரத்தை நள்ளிரவுக்குப் பிறகான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனை அளக்கும் மீட்டரையும் பகலில் மட்டும் பார்க்காமல், பொழுது விடியும் முன் ஒரு முறை நீரில் வைத்துப் பாருங்கள். நன்றி.