கட்டியை மட்டும் பார்த்தால் போதாது

எல்லோருக்கும் வணக்கம். கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா?" நியாயமான கேள்விதான். மற்றப் புற்றுநோய்களில் பயாப்சி இல்லாமல் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதில்லை. கல்லீரல் புற்றில் பல நேரம் அது இல்லாமலே தொடங்குகிறோம்.

காரணம் ரத்த ஓட்டம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மீதிதான் தமனி வழியாக. ஆனால் கல்லீரல் செல்லிலிருந்தே முளைக்கும் புற்று பெரும்பாலும் தமனியை நம்பித்தான் வளர்கிறது. அதனால் சாயமேற்றி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால், தமனியில் சாயம் ஓடும்போது கட்டி பளிச்சென்று தெரியும். சற்று நேரத்தில் சுற்றியுள்ள ஈரல் துலங்க, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நோய், உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டியில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அநேகமாக அதுவே போதும். சிரோசிஸும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லாதவருக்கு, அல்லது படம் குழப்பினால், பயாப்சி வேண்டும். கல்லீரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை துணைக்குத்தான். புற்று இருந்தும் அது சரியாகவே இருக்கலாம்.

அதே தமனிக்குள் குழாய் செலுத்தி, கட்டிக்கே மருந்தைக் கொடுத்து ரத்தத்தை அடைப்பதும் ஒரு சிகிச்சை. டேஸ் என்போம்.

"வெட்டி எடுத்துவிடலாமே?" என்பது அடுத்த கேள்வி. இங்கே ஒரே உடம்பில் இரண்டு நோய்கள்: கட்டி ஒன்று, அது முளைத்த பழுதான ஈரல் இன்னொன்று. மிச்சமிருக்கும் ஈரல் தாங்காது என்றால், சின்னக் கட்டியைக்கூட வெட்ட முடியாது. மாற்று ஈரல் வைத்தால் இரண்டும் ஒருசேரத் தீரும். யாருக்கு வைக்கலாம் என்பதற்கு 1996-இல் மிலான் மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படை: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ. வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கக் கூடாது, வெளியே பரவியிருக்கவும் கூடாது. சின்னக் கட்டிகளை ஊசி வழியே சுட்டுப் பொசுக்குவதும் உண்டு. பரவிவிட்டால் மாத்திரை, அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி. அதற்கும் ஈரல் ஓரளவு வேலை செய்ய வேண்டும்.

இந்த அளவுக்குள் கட்டி பிடிபட வேண்டுமென்றால் சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலே புற்று வருவதுண்டு. யாருக்குக் கண்காணிப்பு என்பதை வயதும் குடும்ப வரலாறும் பார்த்து முடிவு செய்வோம். ஹெபடைடிஸ் சி மருந்தில் குணமானதும் "இனி ஸ்கேன் எதற்கு" என்று நிறுத்துகிறவர்கள்தான் எனக்குக் கவலை. சிரோசிஸ் ஏற்கெனவே வந்திருந்தால், வைரஸ் போன பிறகு ஆபத்து குறையும், ஒழியாது. அவர்களுக்கும் அதே ஆறு மாதக் கணக்குத்தான்.