மாடிப்படியெல்லாம் புகை: வாடகைக் குடியிருப்பிலிருந்து ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி. வேளச்சேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு இதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். நடுராத்திரியில், கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற மீட்டர் போர்டு பற்றிக்கொண்டது. ஒட்டி நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களும் சேர்ந்து எரிந்திருக்கின்றன. கதவைத் திறந்தால் ஒரே கறுப்புப் புகை. மொட்டைமாடிக்கு ஓடினார்கள். அங்கே கிரில் கேட்டில் பூட்டு. சுவரைத் தடவித் தடவித் திரும்பி வந்து, தீயணைப்பு வண்டி வரும்வரை பால்கனியில் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. இப்போது காலி செய்யப் போகிறார்கள். போர்டு மாற்றின செலவை அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறாராம் ஓனர். கழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

கழிக்கக் கூடாது அம்மா. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில், யார் எந்தப் பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வயரிங் வேலை வீட்டுக்காரர் பக்கம். சுவிட்ச், பிளக் மாதிரி சில்லறை ரிப்பேர்தான் குடியிருப்பவர் பக்கம். நீங்கள் செய்த சேதமாக இருந்தால் கேட்கலாம், இது அப்படி இல்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அட்வான்ஸ் விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதைத்தான் அவர் கேள்வியாகவே கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. மாடிக்கு ஓடும்போது அவருடைய சின்னப் பையன், 'கொசு வந்துடும்' என்று பழக்கதோஷத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். தாழ்ப்பாள்கூட இல்லை, சும்மா சாத்தினது. திரும்பி வந்தபோது ஹாலில் புகை லேசாகத்தான் இருந்ததாம். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே படுக்கையறைச் சுவர்வரை கரி.

நம்ம வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நெருப்பு ஒரு இடத்தில் எரியும், புகை எல்லார் வீட்டையும் தேடிப் போகும். கீழே தீ என்றால் படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூக்கில் ஈரத்துணி கட்டினால் அது வடிகட்டப்படாது. அந்த ஈரத்துணியைக் கதவின் அடி இடுக்கில் அடையுங்கள், அங்கேதான் அதற்கு வேலை.

2022 ஜனவரி 9, நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதி. 19 மாடி வாடகைக் குடியிருப்பு. காம்பியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறையப் பேர் இருந்த கட்டடம். ஒரு வீட்டில் குளிருக்கு வைத்த ஹீட்டரிலிருந்து தீ. தீ பெரும்பாலும் அந்த வீட்டோடும் வாசல் நடையோடும் நின்றுபோனது. ஆனால் 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். எல்லாரும் புகையில் போனவர்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்தவர்கள் வெளியே ஓடிவந்தபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. மேலே 15ஆவது மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்தே கிடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அவர்களும் வாடகைக்கு இருந்தவர்கள்தான். கதவை ரிப்பேர் பார்த்துவைக்க வேண்டியது அவர்களா?

அதனால் தீ உங்கள் வீட்டிலேயே என்றால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். நகை, சர்டிபிகேட் எதற்கும் திரும்பிப் போகாதீர்கள். லிஃப்ட் வேண்டாம். தீ வெளியே, படியெல்லாம் புகை என்றால், உள்ளேயே இருந்து கதவைச் சாத்தி, இடுக்கை அடைத்து, பால்கனிக்குப் போய் 101க்கு அடித்து எந்த மாடி, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். மாடிக் கதவு திறந்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் போய்ப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

மாடி கேட்டுக்கு ஏன் பூட்டு என்று கேட்டால், காயப்போட்ட துணி திருடுபோகிறது என்பார்கள். சரி, உள்ளே படிக்கட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் சாவி இல்லாமல் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமே. அப்புறம் மீட்டர் போர்டுக்குக் கீழே வண்டி நிறுத்துவது, அங்கேயே ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுவது. பழைய பேப்பர் மூட்டையை அங்கே போட்டுவைக்கிற கட்டடங்களை நான் தெருத்தெருவாகப் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, புது வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர், காற்றோட்டம் எல்லாம் கேட்பீர்கள். அதோடு படிக்கட்டுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மேலே ஏறி மொட்டைமாடிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பையனிடமும் அவன் என்ன செய்தான் என்று விளக்கிச் சொல்லுங்கள். கொசுவுக்காகச் சாத்தினதாகவே நினைத்துக்கொண்டிருப்பான்.