இடம் மாறிய ஸ்டீயரிங்

நேயர்களுக்கு வணக்கம்.

சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடு ஒன்றில், ஜப்பானில் ஓடிய பழைய எஸ்யூவி ஒன்று விற்பனைக்கு வருகிறது. ஸ்டீயரிங்கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். பெயின்ட் பளபளக்கிறது, இன்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. வாங்கலாமா? இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் 'ஜப்பான் வண்டி' என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது. அந்த வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் தொழிற்சாலை செய்தவை. ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் மாற்றி வைத்தது யாரோ ஒரு மெக்கானிக். அவர் நல்ல வேலைக்காரராகவும் இருக்கலாம், அவசரக்காரராகவும் இருக்கலாம். வண்டியைப் பார்க்கப் போகும்போது நாம் பரிசோதிக்க வேண்டியது அவருடைய வேலையைத்தான்.

இப்படி ஒரு வண்டி ஏன் உருவாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. அதனால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். அங்கே 'ஷாகென்' என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு முதலில் 3 ஆண்டு கழித்து, அப்புறம் 2 ஆண்டுக்கு ஒருமுறை. வண்டிக்கு வயது ஏற ஏற இந்தப் பரிசோதனைக்காகச் செய்ய வேண்டிய பழுதுச் செலவும் ஏறும். 'இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்' என்று உரிமையாளர் நினைப்பார். இன்னும் பல வருடம் ஓடக்கூடிய வண்டி ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறிவிடும்.

ஆனால் உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள். இந்த முரண்பாட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கிறது. ரஷ்யாவின் விளாதிவஸ்தோக் பக்கம் போனால் ஜப்பான் வண்டிகளை அப்படியே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஓட்டுகிறார்கள். பசிபிக் தீவு நாடான சமோவா 2009இல் சாலை விதியையே மாற்றிவிட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் நாடுகளின் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக, வலப்பக்கம் ஓட்டிய மக்களை ஒரே நாளில் இடப்பக்கம் ஓட்டவைத்தார்கள். பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போனது. அங்கே 1998இல் வந்த குடியரசுச் சட்டம் 8506, வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளைப் பதிவு செய்வதையும் ஓட்டுவதையும் தடை செய்தது. 2002இல் பழைய வண்டி இறக்குமதிக்கே தடை ஆணை வந்தது. அது நீதிமன்றம் போய், 2006இல் உச்ச நீதிமன்றம் 'தடை செல்லும், ஆனால் சூபிக் சுதந்திர வர்த்தக மண்டலத்தின் வேலிக்குள் செல்லாது' என்று தீர்ப்பளித்தது. வண்டி உள்ளே வரலாம், ஆனால் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு சாலையில் ஓடக் கூடாது; ஸ்டீயரிங் மாற்றும் தொழில் இந்த மாதிரி இடுக்குகளில்தான் வளர்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். இதே மாடலை, இதே இன்ஜினோடு, இடப்பக்க ஸ்டீயரிங் வைத்து அந்த நிறுவனம் எந்த நாட்டிலாவது விற்றிருக்கிறதா? மிட்சுபிஷி பஜேரோவை விற்றிருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு மோன்டெரோ என்று பெயர். டொயோட்டா லேண்ட் குரூசரும் பிராடோவும் அப்படியே. இவற்றுக்கு இடப்பக்க டேஷ்போர்டு, ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி), பெடல் எல்லாமே தொழிற்சாலை உருப்படியாகக் கிடைக்கும். ஜப்பானுக்குள் மட்டுமே விற்ற மாடல் என்றால் அப்படி ஒரு உருப்படி உலகத்திலேயே இல்லை. எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டித்தான் செய்திருக்க முடியும். அந்த வண்டியைப் பார்க்கப் போகிற பெட்ரோல் செலவை மிச்சம் பிடியுங்கள் என்பேன்.

ஸ்டீயரிங் மாற்றுவது என்றால் சக்கர வடிவில் இருக்கும் அந்த ஒன்றை மட்டும் இடம் மாற்றுவது இல்லை. இன்ஜின் அறைக்கும் நாம் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டு, பிரேக் பெடல், கிளட்ச், ஏசி குழாய், வயர் கட்டு எல்லாம் இந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. நல்ல ஒர்க்ஷாப்பில் இடப்பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கும் அளவிலேயே துளை போட்டு, பெடல் உட்காரும் இடத்தில் தகட்டுக்கு வலு சேர்த்து, வலப்பக்கப் பழைய துளைகளை முறையாக அடைத்து பெயின்ட் அடிப்பார்கள். மட்டமான வேலையில் பழைய துளையில் ரப்பரைத் திணித்து சிலிகான் பூசியிருக்கும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்கே தெரியும்.

ஸ்டீயரிங்கில் மிகவும் கவனம் வேண்டும். 1991 முதல் 1999 வரை வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோவில் ஸ்டீயரிங் பாக்ஸ், சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம் என்ற துணைக் கை இருக்கும். ஸ்டீயரிங்கை மாற்றும்போது இரண்டும் பக்கம் மாற வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் பயமில்லை. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பாக்ஸை வலப்பக்கமே விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குள் செயின் வைத்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடு இணைப்பார்கள். அல்லது தண்டை வெட்டி, நீட்டி, வெல்டிங் வைப்பார்கள். செயினையோ, ஸ்டீயரிங் தண்டில் வெல்டிங் தழும்பையோ கண்டால் நான் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வேன். விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை இடது கோடி வரை, வலது கோடி வரை திருப்புங்கள். நேராக இருக்கும் நிலையிலிருந்து இரண்டு பக்கமும் சுற்றுக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரம் முட்டினால் பாக்ஸ் நடுவில் உட்காரவில்லை. அடுத்து மேடுபள்ளத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால், ஸ்டீயரிங் ராடுகள் தப்பான உயரத்தில் இருக்கலாம். வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ராடின் உயரம் தப்பு என்றால் அலைன்மென்ட்டால் அது சரியாகாது.

பிரேக்கிலும் ஒரு குறுக்கு வழி உண்டு. மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரையும், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் வலப்பக்கமே விட்டுவிட்டு, இடப்பக்கப் பெடலிலிருந்து டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு குறுக்குத் தண்டை ஓடவிடுவார்கள். தொழிற்சாலைகளே சில மாடல்களில் இப்படிச் செய்கின்றன. ஆனால் அவர்களின் தண்டு கணக்குப் பார்த்துச் செய்தது. இரும்புக் கடையில் வாங்கிய குழாய் மிதிக்கும்போது முறுக்கிக்கொள்ளும், பெடல் பஞ்சு போல அமுங்கும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானட் பக்கம் நின்று மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அது முன்னால் தள்ளிக்கொண்டு வந்து திரும்பப் போனால், தடுப்புத் தகடு வளைகிறது என்று பொருள். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடைசி மிதியை அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

மற்றவை இவ்வளவு ஆபத்தானவை அல்ல. ஆனால் ஒர்க்ஷாப்பின் குணத்தைக் காட்டிக்கொடுப்பவை. வைப்பரைப் போட்டுப் பாருங்கள். அது வலப்பக்க டிரைவருக்காகவே இன்னும் துடைத்துக்கொண்டிருந்தால், உங்கள் இடது மூலையில் துடைக்காத கண்ணாடி மிச்சமிருக்கும். இண்டிகேட்டர் கம்பி ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் இருந்தால் பழைய சுவிட்சையே போட்டிருக்கிறார்கள்; அது குற்றமில்லை, பழக்கம்தான் வேண்டும். முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாயைச் சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு வயர் கட்டைத் தடவிப் பாருங்கள். நீட்டிய இடமெல்லாம் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், என்றைக்காவது ஒரு நாள் புகை வரும்.

ரேடியோவைப் போடச் சொல்லவும் ஒரு காரணம் இருக்கிறது, நானே வானொலியில் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் அல்ல. ஜப்பானின் பண்பலை வரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய செட்டுகளில் 90இலேயே முடிந்துவிடும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை. வண்டியோடு வந்த செட் என்றால் பெரும்பாலான நிலையங்கள் அதில் வரவே வராது.

ஹெட்லைட்டைப் பகலில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் விளக்கைப் போடுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வெளிச்சக் கோடு வலது ஓரத்தில் மேலே ஏற வேண்டும். ஜப்பான் விளக்கில் அது இடது ஓரத்தில் ஏறும்; எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். இந்த விளக்கைத் திருகிச் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

காற்றுப்பை விஷயத்தில் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. இடம் மாற்றும்போது காற்றுப்பையைத் திரும்பப் பொருத்தாமல், எச்சரிக்கை விளக்கு எரியாதபடி அந்த இடத்தில் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன மின்தடையை மாட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம். மூடியைக் கழற்றி உள்ளே பை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது அடுத்த சிக்கல். டேஷ்போர்டு இன்னொரு வண்டியிலிருந்து வந்திருந்தால், மீட்டரும் அதோடு வந்திருக்கலாம். அப்போது அது காட்டும் எண் வேறொரு வண்டி ஓடிய தூரம். ஜப்பான் மீட்டரில் வேகம் காட்டும் எண்கள் பொதுவாக மணிக்கு 180 கிலோமீட்டரோடு நிற்கும். அதற்கு மேல் எண் இருந்தால் மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில், பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிய ஸ்டிக்கர் இன்ஜின் அறையில் ஒட்டியிருக்கும். ஆண்டு, ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக்கால எண்ணான ஹெய்செய் கணக்கில் இருந்தால் அதோடு 1988ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 10 என்றால் 1998. விற்பவர்கள் மீட்டரைத் திருத்துவார்கள், இந்த ஸ்டிக்கரைப் பல நேரம் மறந்துவிடுவார்கள்.

ஜப்பான் ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்துத் தர எண் போட்ட ஏலத் தாள் இருக்கிறது, தரம் 4 என்று காட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் அது கப்பல் ஏறுவதற்கு முன் இருந்த வண்டியைப் பற்றிய தாள். ஸ்டீயரிங் மாற்றிய வேலைக்கு அதில் ஒரு வரி கூட இருக்காது. வடக்கே பனிப் பகுதியில் ஓடிய வண்டியா என்பதற்கு மட்டும் அதைக் கவனமாகப் பாருங்கள். சாலையில் தூவும் உப்பு சேசிஸை அடியிலிருந்து தின்றுவிடும். ஆவணங்களில் சேசிஸ் எண், சுங்க வரி ரசீது, பதிவுப் புத்தகம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பான் வண்டியின் எண் 17 இலக்கமாக இருக்காது, மாடல் குறியீடும் அதன்பின் ஒரு தொடர் எண்ணுமாக இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று பதற வேண்டாம். முழுக் காப்பீடு கொடுப்பார்களா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் மாற்றிய வண்டி என்பதை மறைக்காமல் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் பார்த்து வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விற்பவரிடமிருந்து ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டீயரிங் பாக்ஸ், மாஸ்டர் சிலிண்டர், டேஷ்போர்டு எல்லாம் எந்த மாடல், எந்த ஆண்டு வண்டியிலிருந்து எடுத்தவை என்று. ஏனென்றால் இனி உங்கள் வண்டிக்கு இரண்டு பட்டியல்கள். இன்ஜின் சாமான் வேண்டுமென்றால் உங்கள் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். பிரேக் சிலிண்டருக்கு அதே எண்ணைச் சொன்னால் வலப்பக்க வண்டிக்கான உருப்படியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எழுதிய அந்தத் தாளைப் பதிவுப் புத்தகத்தோடு வைத்திருந்தால், எந்த மெக்கானிக்கிடம் போனாலும் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். நன்றி, வணக்கம்.