நர்ஸ் வேலைக்கு எதிர்காலம் இருக்குன்னு நான் ஏன் சொல்றேன்

நடுவர் அவர்களுக்கும், இப்பத்தான் கொஞ்சம் சூடாவே பேசிட்டு உக்காந்திருக்கிற எதிரணி நண்பருக்கும், சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நண்பர் மூணு குண்டு போட்டாரு. தேவை தேவைங்கிறாங்க, ஆனா படிச்சவங்க வேலை இல்லாம நிக்கிறாங்கன்னாரு. சேந்தா ரிட்டையர் ஆகுற வரைக்கும் அதே வார்டு அதே ஊசின்னாரு. அப்புறம் ஏஐ வந்துருச்சு, இனிமே நர்ஸ் எதுக்குன்னாரு. நான் கடைசில இருந்தே வர்றேன், ஏன்னா ஒரு நர்ஸா எனக்கு அதுலதான் கோவம் ஜாஸ்தி.

நைட் டியூட்டி, மணி மூணு. ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒரு பேஷண்ட். மானிட்டர்ல ஆக்சிஜன் 95 காட்டுது, பல்ஸ் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா அலாரம் அடிக்கிற அளவுக்கு இல்ல. அவரு மட்டும் போர்வையை இழுக்குறாரு, தள்ளுறாரு, எழுந்து உக்காரணுங்கிறாரு, சாயங்காலம் நல்லா பேசினவரு இப்போ கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றாரு. நர்ஸ் பக்கத்துல நின்னு நெஞ்சு ஏறி இறங்குறதைப் பாத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுறாங்க. 28. சாதாரணமா 12ல இருந்து 20க்குள்ள இருக்கணும். உடனே டாக்டருக்கு போன் போகுது. பிரஷர் விழறதெல்லாம் பின்னாடிதாங்க, உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல நேரம் முதல்ல மாறுறது அந்த மூச்சும் அந்த தவிப்பும்தான். ஏஐ வரட்டும், சார்ட் எழுதுற வேலையை எடுத்துக்கட்டும், சந்தோஷமா குடுத்துடுறோம், ஏன்னா அந்த நேரமும் எங்களுக்கு பேஷண்ட் கிட்ட நிக்கக் கிடைக்கும்.

இது என் உணர்ச்சிப் பேச்சுன்னு நினைக்க வேண்டாம். 2002ல லிண்டா எய்க்கன்னு ஒரு நர்ஸிங் பேராசிரியரும் அவங்க குழுவும் அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரியோட கணக்கை எடுத்து பாத்தாங்க. ஒரு நர்ஸ் பாக்குற பேஷண்ட் எண்ணிக்கை ஒண்ணு கூடினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறந்துபோற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. 2014ல ஐரோப்பாவுல 9 நாட்டுல பாத்தாங்க, அங்கயும் அதே 7. கலிபோர்னியாவுல 1999லயே சட்டம் போட்டு, 2004ல இருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷண்ட்தான், ஐசியூன்னா ரெண்டுதான்னு அமலுக்கே கொண்டுவந்துட்டாங்க. ஆளைக் குறைச்சா உயிர் போகும்னு கணக்கு போட்டு காட்டின வேலைங்க இது, இதைப் போயி மெஷின் வந்தா முடிஞ்சுதுன்னு சொல்றீங்க!

சரி, தேவைக்கு வர்றேன். உலக சுகாதார நிறுவனம் 2025ல வெளியிட்ட அறிக்கைப்படி 2023ல உலகத்துல நர்ஸுங்க 2 கோடியே 98 லட்சம் பேர், பற்றாக்குறை 58 லட்சம். 2030லயும் 41 லட்சம் பேர் பத்தாதுன்னு கணிச்சிருக்காங்க. ஏழு நர்ஸ்ல ஒருத்தர் பொறந்த நாட்டுல இல்லாம வேற நாட்டுல வேலை பாக்குறாங்க. வயசானவங்க கூடிக்கிட்டே போறாங்க, சுகர், கிட்னி, கேன்சர்னு வருஷக்கணக்குல கூடவே இருந்து பாக்க வேண்டிய நோய்தான் இப்போ அதிகம், இது குறையுற தேவை இல்ல.

அப்புறம் ஏன் படிச்சவங்க வேலை இல்லாம நிக்கிறாங்கன்னு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி, அதை மழுப்ப மாட்டேன். பல இடத்துல வார்டுல ஆள் பத்தாது, ஆனா போஸ்ட் போட பணம் ஒதுக்க மாட்டாங்க, இருக்கிற ரெண்டு பேரை வெச்சே ஓட்டுவாங்க. சம்பளமும் அப்படித்தான், செய்யுற வேலைக்கு நிறைய இடத்துல ரொம்பக் குறைவு, அதுல நானும் நண்பர் பக்கம்தான். ஆனா அது நிர்வாகத்தோட தப்புங்க, சண்டையை அங்க போடணும், வேலைக்கே எதிர்காலம் இல்லன்னு பிள்ளைங்களை பயமுறுத்தக்கூடாது. புதுசா முடிச்சவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம்தான் கஷ்டம், எல்லாரும் அனுபவம் கேப்பாங்க. அந்த ரெண்டு வருஷத்தை ஐசியூ, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ்னு ஏதாவது ஒண்ணுல உருப்படியா போட்டவங்களுக்கு அதுக்கப்புறம் பேச்சே வேற.

அதே வார்டு அதே ஊசிங்கிறது பழைய கதை. 1965லயே கொலராடோ பல்கலைக்கழகத்துல லொரெட்டா ஃபோர்டுங்கிற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கிற டாக்டரும் சேந்து நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு பல நாட்டுல அவங்க நேரடியா பேஷண்டை பரிசோதிச்சு மருந்து எழுதுறாங்க. மயக்க மருந்து குடுக்குற நர்ஸ் இருக்காங்க, தொற்றுத் தடுப்புக்குன்னே நர்ஸ், ஆறாத புண்ணுக்குன்னே நர்ஸ், பாடம் எடுக்குறவங்க, ஆராய்ச்சி பண்றவங்க, ஆஸ்பத்திரியையே நடத்துறவங்க. ஒரு இடம் பிடிக்கலன்னா படிப்பை மாத்தாமலே வேலையை மாத்திக்கிற வசதி வேற எத்தனை வேலையில இருக்கு? அடுத்து வர்ற எதிரணி பேச்சாளர் இதுக்கு பதில் சொல்லட்டும்.

வெளிநாடு போறதும் கனவுக் கதை இல்ல, ஆனா சும்மாவும் இல்ல. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ்ங்கிற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதணும், பிரிட்டன்ல கம்ப்யூட்டர் தேர்வும் செஞ்சு காட்டுற தேர்வும் இருக்கு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி படிச்சே ஆகணும். இதெல்லாம் வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்கன்னு எவனாவது சொன்னா அவன் ஏமாத்துறான்.

நடுவர் மணி அடிச்சிட்டாரு, ஒரே நிமிஷம். இங்க பிள்ளையை நர்ஸிங்ல சேக்கலாமான்னு யோசிச்சிட்டு உக்காந்திருக்கிற பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். காலேஜ் கட்டடத்தைப் பாத்து சேக்காதீங்க. நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, பிள்ளைங்க எந்த ஆஸ்பத்திரிக்கு கிளினிக்கல், அதாவது வார்டு பயிற்சிக்கு, போறாங்க, அங்க எத்தனை பெட்ல உண்மையாவே பேஷண்ட் இருக்காங்கன்னு கேளுங்க, முடிஞ்சா அந்த வார்டுக்கே நடந்து போயி பாருங்க. காட்ட மாட்டேன்னு சொன்னா அங்க ஃபீஸ் கட்டாதீங்க. நன்றி, வணக்கம்.