டிபன் கேரியர் போச்சு, தலீப் சிங் சௌந்தால்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு மாடித்தோட்டம் கிடையாது. கடுப்பில் செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

நேற்று எங்கள் குடியிருப்பில் வினாடி வினா. முதல் பரிசு நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். பாத்திரம் என்றால் எனக்குப் பைத்தியம். ஈயச்சொம்பு வீடியோ பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம். முன்னாடியே தூக்கிப் பார்த்துவிட்டேன், நல்ல கனம். இப்போது கடையில் விற்கிற தகடு இல்லை. கிளிப்கூட டக்கென்று விழுகிறது.

கடைசிக் கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர் யார்? தலீப் சிங் சௌந்த் என்றேன். அட்டையில் பாபி ஜிண்டால் என்று இருக்கிறதாம். தப்பாம்!

ஜிண்டால் உள்ளே போனது 2005-ல். சௌந்த் 1957-லேயே போய்விட்டார். 48 வருடம், ஐயா!

1899-ல் பஞ்சாபில் பிறந்தவர். பெர்க்லியில் 1924-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். அதை வைத்துக்கொண்டு செய்தது? கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம். இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அட, ஒன்றை விட்டுவிட்டேன். 1920-ல் அவர் கப்பல் ஏறியது கணிதத்துக்காக இல்லை, உணவைக் கெடாமல் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்க. டப்பா என்றதும் கேரியர் ஞாபகம் வருகிறது, பாருங்கள்.

1946-ல் சட்டம் மாறியது. அதற்காக அலைந்தவர்களில் இவரும் ஒருவர். 1949-ல் குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே வெஸ்ட்மோர்லண்ட் என்ற சின்ன ஊரில் நீதிபதித் தேர்தலில் ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருடம் ஆகவில்லை என்று பதவியைத் தரவில்லை! ஜெயித்தும் கைக்கு வரவில்லை. இந்த இடத்தில் அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். 1952-ல் மறுபடி நின்று அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

1956-ல் நாடாளுமன்றத் தேர்தலில் எதிரே நின்றது ஜாக்குலின் காக்ரன். ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டிய முதல் பெண். பணம், பேர், எல்லாம் உண்டு. தொகுதியோ குடியரசுக் கட்சியின் கோட்டை. ஜனநாயகக் கட்சிக்காரரான இந்த விவசாயி ஜெயித்தார். மூன்று தடவை தொடர்ந்து. 1962-ல் பக்கவாதம் வந்து பேச்சும் நடமாட்டமும் போயின. அந்த வருடத் தேர்தலில் தோற்றார். 1973-ல் காலமானார்.

கட்சி சொல்ல மறந்தாலும் மறப்பேன், தேதி மறக்க மாட்டேன். எல்லாவற்றையும் ஆதாரத்தோடு செயலாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. கேரியர் எந்த வீட்டில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும்.